ஒட்டுப் போட்ட கண்ணும் முழு ஆண்டு லீவும்

தாயி, டாக்டர் சொன்னதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது. கண்ணாடி எந்நேரமும் போட வேண்டும், நல்ல கண்ணில் தினம் இத்தனை மணி நேரம் ஒட்டு, மறுபடி இன்ன தேதிக்கு வரவும். ஆஸ்பத்திரியின் பங்கு பெரும்பாலும் அந்த மூன்று வரிதான். மீதியெல்லாம் நம் கரிசல்காட்டுத் திருவேங்கடத்து மே மாத வெயிலில், உன் வீட்டுக்குள் நடக்க வேண்டியது. நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலம் கழித்த டீச்சர். என் மகளுக்கும் இதே ஒட்டைப் போட்டு வளர்த்தவள். மருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அங்கே கூட்டத்துக்கு நடுவில் சொல்ல நேரமில்லாமல் விட்டுப்போகிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பிள்ளை தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

1. பிள்ளையின் கண்ணுக்குள் நடப்பதை முதலில் நீ விளங்கிக்கொள். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருப்பாய். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் வழக்காட, கோமதி அம்மன் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் வரவழைத்தாள் என்பது அந்தக் கோயிலின் கதை. பிள்ளையின் மூளைக்கும் தினம் அந்த வேலைதான். வலக்கண் ஒரு படம் அனுப்பும். இடக்கண் சற்று விலகிய இன்னொரு படம் அனுப்பும். இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, பிறவியிலேயே புரை இருந்தாலோ படங்கள் சேராது. சேராதபோது மூளை ஒரு கண்ணை நம்பிக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பார்வைதான் வளராது. சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. நல்ல கண்ணை மூடி வைப்பது, ஒதுக்கிய கண்ணை மூளை மறுபடி நாடும்படி செய்வதற்காக.

ஒரு கண் தெளிவாகத் தெரிவதால் பிள்ளைக்குக் குறை இருப்பதே தெரியாது. என் வகுப்பில் ஒரு பையன் நன்றாகப் படிப்பான், பம்பரம் விடுவான், ஓடுவான். ஒருநாள் விளையாட்டாக எல்லோரையும் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னேன். அவன் பொத்தியபடியே, “டீச்சர், லைட்டை அணைச்சிட்டீங்களா?” என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகளோடு அந்த விளையாட்டை விளையாடாமல் நான் பாடம் தொடங்கியதில்லை.

2. யாரால் வந்தது என்று தேடாதே. தேடுவதற்கு வீடு நிறைய ஆள் இருக்கும். மாசமாக இருக்கையில் கிரகணம் பார்த்தாயா என்பார்கள். செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாய் என்பார்கள். உன் வீட்டு வழியா, அவர் வீட்டு வழியா என்று வம்சத்தையே தோண்டுவார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செல்போன் பார்த்து இந்தக் குறை வருவதும் இல்லை. குடும்பத்தில் சிலருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அது யாருடைய குற்றமும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்த விசாரணை பல மாதம் ஓடியது. அவ்வளவு நாளும் ஒட்டு பீரோவில் கிடந்தது.

3. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களை எதிர்த்துப் பேசாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்து, அதன் பிறகு சிரித்துக்கொள். இந்த அதிர்ஷ்டப் பேச்சால் நம் பக்கம் எத்தனையோ கண்கள் பார்க்காமலே போய்விட்டன. ஒன்று தெரிந்துகொள்: அறுவை செய்தால் மாறுகண் நேராகும், முகத்துக்கும் நல்லது. அதனாலேயே மங்கின பார்வை தெளிந்துவிடாது. ஒட்டும் கண்ணாடியும் வேண்டித்தான் இருக்கும். “ஆப்பரேசன் பண்ணியாச்சே, இன்னும் என்ன?” என்று வீட்டில் கேட்டால் சொல்.

4. வயதைப் பற்றி அவசரப்படு, பயப்படாதே. 1960-களில் ஹூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்துப் பார்த்தார்கள். திறந்த பிறகும் அந்தக் கண்ணின் செய்தியை மூளை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே செய்தால் அப்படி ஆகவில்லை. மூளை பார்வையைக் கற்க ஒரு பருவம் உண்டு என்று இப்படித்தான் தெரியவந்தது. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதப் பிள்ளைக்கு ஏழு எட்டு வயது வரை அந்தப் பருவம் செழிப்பாக இருக்கும் என்பதால்தான் டாக்டர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

அதற்காக எட்டு வயதில் கதவு மூடிவிடும் என்று நினைத்துவிடாதே. ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2005-இல் வெளியானது. கண்ணாடியோடு ஒட்டும் சொட்டு மருந்தும் சேர்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்வை முன்னேறியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு. உன் பிள்ளைக்கு ஒன்பது ஆகிவிட்டதென்று யாராவது கையை விரித்தால், பிள்ளைகளுக்கென்றே இருக்கும் கண் டாக்டரிடம் ஒரு முறை கேட்காமல் அந்தப் பேச்சை நம்பாதே.

5. முதலில் கண்ணாடி, பிறகுதான் ஒட்டு. மங்கலான படம் உள்ளே போனால் மூளை அந்த மங்கலைத்தான் பழகும். பவர் வித்தியாசத்தால் வந்த குறையாக இருந்தால் சில வாரங்கள் கண்ணாடியை மட்டும் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். அதிலேயே தெளிகிற பிள்ளைகளும் உண்டு. “பச்சப்புள்ள மூஞ்சிக்கு எதுக்கு கண்ணாடி” என்று அப்பத்தா கழற்றி அலமாரியில் வைப்பாள். அவளிடம் கோபப்படாதே. பேரன் முகம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் அது. அவளையே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டாக்டர் வாயால் கேட்க வை. எங்கள் வீட்டில் அதன் பிறகு கண்ணாடிக்குக் காவல் என் மாமியார்தான். நான் மறந்தால் எனக்கே ஏச்சு விழும்.

மூக்கில் இருந்து கண்ணாடி வழுக்கி இறங்கினால் பிள்ளை அதற்கு மேலே கூடிப் பார்க்கும், பயனில்லை. கடையில் வளைத்துச் சரிசெய்து வாங்கு, பின்னால் கயிறு போடு.

6. பொன்னாங்கண்ணிக் கீரை செய்து கொடு, முருங்கைக் கீரையும் கொடு. உடம்புக்கு நல்லது. ஆனால் இந்தக் கண்ணுக்கு அது வைத்தியம் என்று ஒட்டை நிறுத்திவிடாதே. தாய்ப்பால், தேன், பூச்சாறு எதையும் கண்ணில் விட யாரையும் அனுமதிக்காதே. இதில் மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம்.

7. ஒட்டுக்கு உன் வீட்டில் ஒரு நேரம் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார். நீ கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். முன்பெல்லாம் விடிந்ததிலிருந்து அடையும் வரை ஒட்டி வைப்பார்கள். 2003-இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு அது மாறியது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில், நடுத்தரக் குறைக்குத் தினம் 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. கடுமையான குறைக்கு 6 மணி நேரம், நாள் முழுக்க ஒட்டுவதற்கு ஈடாக நின்றது. என் மகள் காலத்தில் இந்தச் சலுகை இல்லை. உனக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் பயன்படுத்து.

கரிசல் வெயிலில் எந்த நேரம் நல்லது என்று யோசி. வெயிலுக்கு முந்தி எழுந்தவளுக்குப் பாதி வேலை மிச்சம். காலையில் பல் தேய்த்து, பால் குடித்து, முகம் துடைத்த கையோடு ஒட்டிவிட்டால் பத்து மணிக்குள் ஒரு பங்கு முடிந்துவிடும். மத்தியானம் வியர்வையில் ஒட்டு நிற்காது, பிள்ளையும் நிற்காது. நீ தீப்பெட்டி ஆபீசுக்கோ, பயர் ஆபீசு என்கிற பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போகிறவள் என்றால், போகுமுன் ஒட்டிவிட்டுப் போ. எடுக்கிற பொறுப்பு வீட்டில் இருக்கிறவருக்கு. நேரத்தைச் சுவரில் எழுதி வை. இரண்டு பேர் பார்க்கிற பிள்ளைக்கு, அவர் ஒட்டியிருப்பார் என்று இவரும், இவர் ஒட்டியிருப்பார் என்று அவரும் இருந்துவிடுவதில்தான் அதிக நாள் போகும்.

அந்த நேரத்தில் கண்ணுக்கு வேலை கொடு. பல்லாங்குழி இருக்கிறதா உன் வீட்டில்? இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டு, புளியங்கொட்டை போதும். தாயம் உருட்டட்டும். அரிசியில் கல் பொறுக்கட்டும். பிச்சிப்பூவை நூலில் கட்டச் சொல். முதலில் கோணலாய்த்தான் வரும். வாசலில் நீ புள்ளி வைத்துக் கொடு, அவன் கோடு சேர்க்கட்டும். பையன் கோலம் போடுவதா என்று சிரிக்கிறவர் சிரித்துக்கொள்ளட்டும். படம் பார்க்கட்டும், கதைப் புத்தகத்தில் பெரிய எழுத்தைத் தேடட்டும். பாடம் மட்டும் வேண்டாம். நான் அந்த நேரத்தில் வாய்ப்பாடு எழுத வைத்தேன். ஒட்டும் பிடிக்காமல் போனது, வாய்ப்பாடும் பிடிக்காமல் போனது.

8. காவலுக்கு நிற்காதே, கூட உட்கார். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதை வைத்துக்கொள். நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணால் உலகத்தைப் பார் என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் தினமும் நீ கேட்கிறாய். அவன் முரண்டு பிடிப்பது பிடிவாதம் இல்லை, நியாயம். பிள்ளையின் அப்பாவுக்கு அது புரியவில்லை என்றால் ஒரு வேலை செய். அவருடைய ஒரு கண்ணை மூடு. அதோடு விட்டால் மறுகண்ணில் அவருக்கு எல்லாம் தெரியும், “இதுக்கா இவ்வளவு அழுகை” என்பார். திறந்த கண்ணுக்கு முன்னால் எண்ணெய் தடவிய தாளைப் பிடித்துக்கொண்டு சோறு பிசைந்து சாப்பிடச் சொல். எங்கள் வீட்டில் பிள்ளையை மிரட்டுவது அந்தச் சாப்பாட்டோடு நின்றது.

பிள்ளை ஓரத்தில் பிரித்து எட்டிப் பார்க்கும். கண்ணாடியின் மேல் போடும் மறைப்பு என்றால் இன்னும் சுலபமாக எட்டிப் பார்க்கும். அதனால்தான் தோலோடு ஒட்டச் சொல்கிறார்கள். பிரித்துவிட்டால் கையைத் தட்டாதே. கம்பை எடுத்தால் ஒட்டு அன்றைக்கு மட்டும் நிற்கும். மறுபடி ஒட்டு, மறுபடி உட்கார்ந்து விளையாடு. முதல் அரைமணி நேரம்தான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் விளையாட்டில் மறந்துவிடுவான். பொம்மைக்கும் ஒன்று ஒட்டிவிடு. ஒட்டின் மேல் பூவோ பஸ்ஸோ அவனே வரையட்டும். ஒட்டிய நாளுக்கெல்லாம் காலண்டரில் அவன் கையாலேயே ஒரு குறி போடட்டும். குறி இல்லாத நாளைப் பற்றிக் கேள்வி கேட்காதே, அவனுக்கே தெரியும்.

9. தோலைக் கவனி. வேனலில் ஒட்டைச் சுற்றிச் சிவந்து தடிக்கும். ஒட்டுமுன் முகத்தைத் துடைத்து நன்றாகக் காயவிடு. பவுடர், எண்ணெய் இருந்தால் பிடிக்காது. எடுக்கும்போது ஓரத்தை நனைத்து மெதுவாக எடு. வெடுக்கென்று இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் அழுகைக்கு வித்து. புண் ஆகிவிட்டால் டாக்டரிடம் சொல், வேறு ஒட்டு தருவார்கள். சில பிள்ளைகளுக்கு ஒட்டுக்குப் பதிலாக நல்ல கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வையை மங்கவைப்பார்கள். அதுவும் ஒட்டுக்கு ஈடான வைத்தியம்தான். அந்த மருந்துக் குப்பியைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வை, உள்ளே போனால் ஆபத்து.

10. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கண்ணில் என்ன என்று பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். ஒன்றரைக்கண்ணா என்று கூடச் சொல்லுகிற பிள்ளைகள் இருப்பார்கள். நீ பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் சுருங்கிவிடும். அவனுக்கே ஒரு பதிலைச் சொல்லிக் கொடு. என் மகள் சொல்வது, “இந்தக் கண்ணு ரெஸ்ட் எடுக்கு, அந்தக் கண்ணு வேலை பாக்கு.” நெல்லைத் தமிழில் அவள் அதைச் சொன்னால் கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். வைகாசிக் கல்யாணம் என்றால் காலையிலேயே ஒட்டு நேரத்தை முடித்துவிட்டுக் கூட்டிப் போ. புதுச்சட்டையோடு போட்டோவில் நிற்கிற ஆசை பிள்ளைக்கும் இருக்கும். அதைக் கொடுக்காமல் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

11. குற்றாலத்துக்குப் போகத்தான் வேண்டும். கோடை என்றால் நம் பிள்ளைகளுக்கு அதுதானே. ஆனால் முழு ஆண்டு லீவில் பெரும்பாலும் அங்கே பாறைதான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் மலையைத் தொட்ட பிறகுதான் சீசன், அப்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால் மே மாதம் ஒட்டுக்கு, சாரல் மாதம் சனி ஞாயிறு அருவிக்கு என்று வைத்துக்கொள். “ஒழுங்கா ஒட்டுனா குற்றாலம், இல்லைன்னா கிடையாது” என்று பேரம் பேசாதே. என் தங்கை பேசினாள். ஒட்டாத நாள்கள் இருந்தன. சொன்ன சொல்லுக்காகப் போகாமல் இருந்தாள். அந்த வருஷச் சீசனில் சாரல் மூன்று மாதமும் நின்று அடித்தது. பிள்ளை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். கண் சரியானதைச் சொல்வதில்லை.

அருவிக்குப் போகிற நாளில் ஒட்டை வீட்டிலேயே முடித்துவிடு, தண்ணீரில் நனைந்தால் நிற்காது. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, குளிக்காமல் கரையில் நிற்கும் ஒருவரிடம் கொடு. பேரருவியில் போன கண்ணாடி திரும்ப வராது. இரண்டு கண்ணும் சேராத பிள்ளைக்குப் படி எவ்வளவு ஆழம், பாறை எவ்வளவு தூரம் என்று மட்டுக்கட்டுவது சிரமம். வழுக்குப் பாறையில் அவன் கையை விடாதே. ஐந்தருவியில் கூட்டம் முட்டும். சின்னப் பிள்ளைக்குப் புலியருவியோ சிற்றருவியோ போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை இழுத்துப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். மேலே மழை பெய்கிறது என்று போலீஸ்காரர் விசில் ஊதினால் ஒரு நிமிஷம்கூட வாதாடாமல் வெளியே வா. கூட்டத்தில் மெட்ராஸ் ஐ பரவுகிற நாளாக இருந்தால் கண்ணைக் கையால் தேய்க்க விடாதே, துண்டைத் தனியாக வை. திரும்பும்போது மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக் கொடு. தோலைப் பிரித்துச் சுளை எடுப்பது கண்ணுக்கும் கைக்கும் நல்ல வேலை என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதே. ஒரு நாளாவது வைத்தியம் இல்லாத நாளாக இருக்கட்டும்.

12. சொன்ன தேதிக்குப் போ. பார்வை நன்றாகிவிட்டது என்று நீயே நிறுத்தவும் கூடாது, இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று நீயே கூட்டவும் கூடாது. அளவுக்கு மேல் மூடிவைத்தால் நல்ல கண்ணே மங்கக்கூடும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணையும் சோதிப்பது அதற்காகத்தான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சுவரில் இருக்கும் எழுத்து வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். என் மகள் பஸ்ஸிலேயே ஒப்பித்துக்கொண்டு வருவாள். அதைக் கேட்டு நீ மகிழ்ந்துவிடாதே, அங்கே சொல்லிவிடு. வேறு அட்டை வைத்துப் பார்ப்பார்கள். கண்மணி விரிகிற மருந்து விட்டால் சில மணி நேரம், சில மருந்துக்குச் சில நாள்கூட, வெயில் கூசும். திரும்பி வருகையில் தலையில் துண்டு போட்டுக் கூட்டி வா.

அட்டையில் பார்வை வரி வரியாகத்தான் ஏறும். சில மாதம் ஏறாமல் அப்படியே நிற்கும். வீட்டில் எல்லோரும் சலித்துப்போகிற அந்த மாதங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் ஒரு வருஷத்துக்குள் நாலில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்கலாம் என்பதால் ஒட்டை நிறுத்தின பிறகும் வரச் சொல்வார்கள். அதற்கும் போ. பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரிடம் போய்ச் சொல்லி முன் பெஞ்சில் உட்காரவை. டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வகுப்பு முழுக்கவே மாறும். இது என் தொழில், எனக்குத் தெரியும்.

13. நெல்லை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனால் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு கதை சொல். 1988-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு மூலம் மதுரையில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் நம் கரிசல்காட்டுப் பிள்ளை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. 1948-இல் வேலையை விட்டார். கத்தியைப் பிடிக்க முடியாத கையோடு கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த். 2006-இல் காலமானார். கதையை “அதனால் நீயும்” என்று முடிக்காதே. பிள்ளைகளுக்கு அந்த இடம் வந்ததும் காது அடைத்துவிடும். விரல் எப்படிக் கோணியிருக்கும் என்று அவன் கேட்பான். உன் விரலை மடக்கிக் காட்டு. அந்த விரலால் ஒரு பென்சிலைப் பிடித்துப் பார்க்கட்டும். கூப்பிடும் வரை அதற்கே நேரம் போய்விடும்.

14. பார்வை முழுதும் வராமல் போகலாம், தாயி. எல்லாம் சரியாகச் செய்தும் கொஞ்சம் குறை நிற்கிற பிள்ளைகள் உண்டு. அப்படியானால் நல்ல கண்ணைக் காப்பாற்றுவது உன் வேலை. கம்பு சுற்றுகிற விளையாட்டு, கவண், தீபாவளி வெடி எல்லாவற்றிலும் கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். உடையாத வகைக் கண்ணாடியாகக் கேட்டு வாங்கு. பட்டாசு செய்கிற ஊர்களுக்கு நடுவில் பிள்ளை வளர்க்கிறோம், இதை நான் விரித்துச் சொல்ல வேண்டாம். என் மகளின் கண்ணிலும் கடைசி இரண்டு வரி நின்றுபோனது. அவள் கணக்கு வாத்தியாராக இருக்கிறாள், வண்டி ஓட்டுகிறாள், இருட்டில் ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். எனக்கு இப்போது அதுவும் தெரிவதில்லை என்பது வேறு கதை.

15. மூத்தவனுக்கு இருந்தால் இளையவளுக்கும் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாவிட்டாலும் சோதிக்க வழி இருக்கிறது. படம் காட்டியும், எழுத்தே இல்லாமல் கருவி வைத்தும் பார்ப்பார்கள். மூன்று நாலு வயதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனம் நிம்மதி. அடுத்த தடவை நெல்லைக்குப் போகையில் அவளை அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போகாதே, இடுப்பில் தூக்கிக்கொள். ஐந்து வயது வரை கவர்மெண்ட் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட்டும் கிடையாது.